வடக்குப் பக்கத்து மைனஸ்

"இங்க இடம் கிடைச்சா சந்தோஷப்படணுமா, பயப்படணுமா?" என்று சில்யா கேட்டாள்.

"முதல்ல டீ குடி. அப்புறம் பொறுமையா பயப்படலாம்," என்றான் மென்னோ.

முனைவர் ஆய்வுக்குச் சேர நினைக்கிறவர்களுக்காக, ஹாம்பர்கின் மேற்கு ஓரத்தில் இருந்த அந்தத் துகள் முடுக்கி நிலையம் நவம்பரில் ஒருநாள் கதவுகளைத் திறந்து வைத்திருந்தது. கூடத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு மேசை போட்டிருந்தது. மற்ற மேசைகளில் வழவழப்பான தாள்களும் பேனாக்களும் சாக்லேட்டும் அடுக்கியிருந்தன. மென்னோ சாத்தோஃபின் மேசையில் ஒரு பீங்கான் தேநீர்க் கூஜாவும் நாலைந்து சின்னக் கோப்பைகளும்தான். பின்னால் சுவரில் அவனுடைய ஆய்வைப் பற்றிய படம் தொங்கியது.

"நீங்க இங்க எத்தனை வருஷமா..."

"நீங்கவா? அதோ, நரைச்ச தலையோட நிக்கிறாங்களே, பேராசிரியர் வீப்கிங், அவங்களுக்கு மட்டும்தான் இங்க நீங்க. நான் வெறும் மென்னோ. ஆய்வேட்டை எழுதி முடிக்கப் போற பாவி. நீ?"

"சில்யா. ஃப்ளென்ஸ்புர்க். டென்மார்க் எல்லையோரம்."

"டேனிஷ் பள்ளிக்கூடமா, ஜெர்மன் பள்ளிக்கூடமா?"

"முதல்ல டேனிஷ். அப்புறம் ஜெர்மன்."

"அப்போ ரெண்டு மொழியிலயும் பேசாம இருக்கத் தெரியும்."

சில்யாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல; அதை இவ்வளவு சீக்கிரம் யாரும் கண்டுபிடித்ததும் இல்லை. வெட்கத்தை மறைக்கக் கரண்டியை எடுத்துத் தேநீருக்குள் விட்டாள்.

"ஐயோ, கலக்காதே! எங்க ஊர்ல டீயைக் கலக்குறவங்களுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க. மேல பாலேடு, நடுவுல கசப்பு, அடியில கல்கண்டு. அப்படியே குடிக்கணும். ஆய்வு மாணவன் பொழப்பும் இதேதான். ஆனா அடியில இருக்கிற கல்கண்டு வரைக்கும் போனவனை நான் இன்னும் பாக்கல."

அவள் குடித்தாள். கசப்பில்தான் இருந்தாள் அப்போது. சுவரில் தொங்கிய படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டாள்.

மென்னோவின் முகம் மாறிவிட்டது. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து படத்துக்குப் பக்கத்தில் நின்றான். "வளையத்துக்குள்ள எலெக்ட்ரான் கற்றை ஓடிக்கிட்டே இருக்கு. நான் அதை லேசா ஒரு தட்டு தட்டுறேன். தட்டினா அது ஆடும். எந்த இடத்துல எந்தப் பக்கம் ஆடணும்னு கணக்கு இருக்கு. வளையம் முழுக்கக் கணக்குப்படிதான் ஆடுது. இங்க, வடக்குப் பக்கத்துல புதுசா ஒரு குழாய் போட்டாங்களே, அதுக்குப் பக்கத்துல மட்டும் கணக்குக்கு நேர் எதிர்ப்பக்கம் போகுது."

"ஏன்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் என் தலைமுடி கொட்டுச்சு. அந்தக் குழாயோட சுவர் கற்றையைத் திருப்பி உதைக்குது. இதுவரைக்கும் யாரும் பாக்காத மாதிரி உதைக்குது. இதை வெச்சுத்தான் வீப்கிங் அம்மா இன்னொரு ஆய்வு இடம் வாங்கியிருக்காங்க. அந்த இடத்துக்கு வர்ற ஆளு, தெற்குப் பக்கத்துக் குழாயிலயும் இதே நடக்குதான்னு பாக்கணும். நீ வாயேன்."

"லுண்ட்லயும் விண்ணப்பம் போட்டிருக்கேன்."

"ஸ்வீடனா? அங்க முடுக்கி நல்லா இருக்கும். டீ மோசம்."

"நீ என் இடத்துல இருந்தா எங்க போவ?"

"இங்கதான். கண்ணை மூடிட்டு வருவேன்."

அந்தப் பேச்சு இவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு என்று அவன் சொன்னபோது அவன் கண்கள் விரிந்திருந்ததைச் சில்யா பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தாள். அன்றைக்கு அவன் சொன்னதில் பொய் இல்லை.

மென்னோ எம்டனுக்குப் பக்கத்தில், கடலைத் தடுக்கும் கரைக்குப் பின்னால் இருந்த ஒரு மாட்டுப் பண்ணையில் பிறந்தவன். அவன் அப்பா ஹாப்போ வலது காது மந்தமான, உரத்த குரல் மனிதர். பண்ணையைத் தங்கை எடுத்துக்கொண்டாள். படிப்பு மென்னோவுக்கு வந்தது. அவன் முனைவர் ஆய்வுக்குச் சேர்ந்த நாள் முதலாக ஊரே அவனை டாக்டர் என்று கூப்பிட்டது. கன்று ஈனும் காலத்தில் வீட்டுக்குப் போனால், "வா டாக்டரே, அந்தச் சிவப்பிக்குக் கையை விட்டுப் பாரு" என்பார் ஹாப்போ. "அது வேற டாக்டர்ப்பா" என்று இவன் சொன்னால், "மாட்டைப் பாக்கத் தெரியாதவன் என்ன டாக்டரு, எலெக்ட்ரானுக்கு வயித்துவலி வந்தா போய்ப் பாப்பியா?" என்று கேட்டுவிட்டு, அதையே அடுத்த வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்லுவார்.

நிலையத்தில் மென்னோவுக்கு யாரோடும் பகை கிடையாது. மழையில் மஞ்சள் கோட்டு மாட்டிக்கொண்டு சைக்கிளில் வருவான். யாருடைய கணினி நிரல் நின்றுபோனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். முடியாது என்று சொல்ல அவனுக்குத் தெரியாது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தலைக்கனம் உண்டு. கற்றை எங்கே ஓடுகிறது என்று காட்டும் கருவிகள் வளையத்தைச் சுற்றிலும் இருந்தன. அவற்றின் அளவுகள் ஒரு நிரலின் வழியாகச் சீராக்கப்பட்டுக் கட்டுப்பாட்டு அறையின் திரைக்கு வரும். மற்றவர்கள் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்வார்கள். மென்னோ மட்டும் அந்த நிரலுக்கும் கீழே, கருவியிலிருந்து நேராக எடுப்பான். "கறந்த பாலைக் கறந்த சூட்டுல குடிச்சு வளர்ந்தவன் நான். எனக்கு எதுக்குப் பாக்கெட் பால்?" என்பான்.

ஜனவரியில் சில்யாவுக்கு இரண்டு இடமும் ஒரே வாரத்தில் வந்தன. அவள் மென்னோவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "லுண்டும் குடுத்துட்டாங்க. என்ன செய்யட்டும்?" மறுமுனையில் அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். பிறகு, "இங்க வா," என்றான். அவனுக்குச் சளி பிடித்திருக்கிறது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். அன்று மாலையே லுண்டுக்கு மறுத்து எழுதிவிட்டாள்.

மார்ச்சில் வந்து சேர்ந்தபோது இருவருக்கும் ஒரே அறை. ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்காகக் காத்திருந்தான் மென்னோ. தேநீர் போட்டுக் கொடுப்பான், நிரல்களைச் சொல்லித்தருவான், பகல் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போவான். வடக்குப் பக்கத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதை விடு, முதல்ல தெற்கைப் பாரு," என்று எழுந்து போய்விடுவான். எழுதிக் களைத்தவர்கள் எழுதியதைப் பற்றிப் பேச விரும்ப மாட்டார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அதனால் வற்புறுத்தவில்லை.

மே மாதம் தேர்வு. அதற்கு முன்னால் தொப்பி செய்ய வேண்டும். தேர்வில் தேறியவனுக்கு உடன் வேலை செய்கிறவர்கள் கறுப்பு அட்டையில் ஒரு தொப்பி செய்து, அவன் பட்ட பாட்டையெல்லாம் பொம்மைகளாக அதன்மேல் ஒட்டி, தலையில் வைத்துத் தள்ளுவண்டியில் ஏற்றி இழுத்துப் போவார்கள். தேர்வு முடிவதற்கு முன்பே தொப்பி தயாராகிவிடும்; தேறாமல் போவான் என்று யாரும் நினைப்பதில்லை. மென்னோ ஊருக்குப் போயிருந்த ஒரு மதியம், பட்டறை மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து தொப்பி ஒட்டினார்கள். பொம்மை மாடு ஒன்று, குட்டித் தேநீர்க் கூஜா ஒன்று, மஞ்சள் துணியில் தைத்த மழைக்கோட்டு, சுற்றிச் சுற்றி எரியும் விளக்கு வளையம் எல்லாம் வந்தன. வடக்குப் பக்கத்துக் கருவியைச் செய்யும் வேலை சில்யாவுக்கு. நாலு சட்டைப் பொத்தான்களை ஒரு வளையத்தில் கோத்துச் சிவப்பு நூலால் கம்பி போட்டாள்.

முடுக்கியை ஓட்டும் குழுவில் இருந்த ஹோல்ம் அதைப் பார்த்துவிட்டு, வெள்ளித்தாளில் ஒரு சின்னக் கோடு வெட்டி அதன்மேல் ஒட்டினான். "இப்போதான் முழுசா இருக்கு," என்றான். ஓட்டுகிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"அது என்ன?" என்று கேட்டாள் சில்யா.

"மைனஸ். வடக்குப் பக்கத்து மைனஸ். உனக்கு யாரும் சொல்லலையா?"

"இல்ல."

"புதுக் குழாய் போட்ட அன்னிக்கு எந்தப் புண்ணியவானோ இந்தக் கருவியோட இடது கம்பியை வலதுல சொருகிட்டான், வலதை இடதுல. திரையில கற்றை தலைகீழா தெரிஞ்சுது. வளையம் இருக்கிற சுரங்கத்துக்குள்ள மறுபடி போறதுன்னா முடுக்கியை நிறுத்தணும், உள்ள போற ஒவ்வொருத்தனும் ஒரு சாவி எடுத்துட்டுப் போகணும், எல்லாச் சாவியும் திரும்பிப் பலகையில தொங்குற வரைக்கும் ஒண்ணும் ஓடாது. யாருக்கு அந்தத் தலைவலி? நிரல்ல ஒரு மைனஸ் போட்டேன். திரையில சரியாயிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் அது ஓடிட்டிருக்கு."

மறுபடி சிரித்தார்கள். சில்யா சிரிக்கவில்லை. அவள் விரலில் பசை காய்ந்துகொண்டிருந்தது. திரைக்குப் போகும் நிரலில்தான் அந்த மைனஸ். மென்னோ எடுப்பது அந்த நிரலுக்குக் கீழே. அவன் அளவுகளை அந்த மைனஸ் தொட்டதே இல்லை. கணக்குக்கு எதிர்ப்பக்கம் போனது கற்றை அல்ல, கம்பி.

அந்த மேசையில் மைனஸைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு மென்னோ எங்கிருந்து அளவு எடுக்கிறான் என்று தெரியாது. அது தெரிந்த பேராசிரியருக்கு மைனஸ் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான்.

தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மென்னோவின் அளவுகளை எடுத்து, வடக்குப் பக்கத்துக் கோட்டை மட்டும் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். அது மற்றக் கோடுகளோடு போய் ஒட்டிப் படுத்துக்கொண்டது. உதைக்கிற சுவர் இல்லை. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் இல்லை. தெற்குப் பக்கத்தில் அவள் தேட வந்த ஒன்றும் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியே அந்தத் தவறுக்குக் கொடுத்த நாற்காலி.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மென்னோவிடம் முதலில் சொல்வதுதான் மரியாதை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மென்னோ ஊரிலிருந்து திரும்பிய பிறகும் சொல்லவில்லை. சொன்னால் அவன் பட்டம் போகும், தன் இடமும் போகும். இதில் எது தன் வாயை மூடியிருக்கிறது என்று யோசித்தபோது அவளுக்கு முகம் சுட்டது. அவளும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மென்னோ கேக்கோடு வந்திருந்தான். "அம்மா பஸ் பேசியிருக்காங்க. ஊர்ல பாதிப் பேர் வர்றாங்களாம். அப்பா கல்யாணக் கோட்டைப் போட்டுப் பாத்தாராம், பொத்தான் மாட்டலையாம்," என்று சொல்லிவிட்டு, சிரிக்கிற இடத்தில் சிரிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சில்யா ஒரு மதியம் சமையலறையில் அவனைப் பிடித்தாள். வேறு யாரும் இல்லை. அவன் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"மென்னோ, வடக்குப் பக்கம்..."

"ம்."

"ஹோல்ம் ஒரு மைனஸ் போட்டிருக்கான்."

மென்னோ கரண்டியை எடுத்துத் தேநீரைக் கலக்க ஆரம்பித்தான். நிறுத்தாமல் கலக்கினான். கல்கண்டு பீங்கானில் இடித்துக்கொண்டே இருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்தான்.

"தெரியும்," என்றான்.

"எப்போலேர்ந்து?"

"ஜனவரி. ஒப்படைச்சதுக்கு அப்புறம், அடுத்து வர்ற ஆளுக்குக் குடுக்கறதுக்காக நிரலையெல்லாம் சுத்தம் பண்ணிட்டிருந்தேன். பக்கத்துல திரை நிரலும் திறந்திருந்துச்சு. ஒரு கோடு. அவ்வளவுதான். முதல்ல நம்பல. அப்புறம் திருப்பிப் பாத்தேன்."

"ஜனவரியில எப்போ?"

அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். "நீ போன் பண்ணினதுக்கு முந்தின நாள்."

சில்யா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இங்க வான்னு சொன்னியே."

"சொன்னேன். லுண்டுக்குப் போன்னு சொன்னா, ஏன்னு கேப்ப. ஏன்னு சொன்னா வீப்கிங் அம்மாகிட்ட சொல்லணும். அவங்ககிட்ட சொன்னா அப்பாகிட்ட சொல்லணும். ஒரு வார்த்தையில எல்லாத்தையும் தள்ளிப் போட்டுட்டேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். நாளைக்கு நாளைக்குன்னு நீ பெட்டியோட வந்து நின்னுட்ட." அவன் அவளைப் பார்க்கவில்லை, மூடியைத் திறந்து கூஜாவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். "தினம் உனக்கு டீ போட்டுக் குடுத்தேனே, அது பாசத்துலன்னு நினைச்சியா?"

"ஆமா."

"பாதி பாசம்தான். மீதி என்னன்னு எனக்கே சொல்ல வாயில்ல."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அதைத் தூக்கி நிறுத்தத் தனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது. அவளும்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. தேநீரை யாரும் குடிக்கவில்லை. இருவரும் எழுந்து கோப்பைகளைக் கழுவினார்கள். கழுவும்போது மென்னோ அவளிடம் ஒன்று கேட்டான்.

தேர்வன்று கூடம் நிறைந்திருந்தது. கரைக்குப் பின்னாலிருந்து வந்தவர்கள் கடைசி மூன்று வரிசைகளிலும் கேக் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹாப்போவும் அவர் மனைவி தேடாவும் முன் வரிசையில். ஹாப்போ புதுக் கோட்டு வாங்கியிருந்தார். மென்னோ பேசினான், குரல் சீராக இருந்தது. மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்தபோது வேகமாகப் பேசிக் கடந்தான். பேராசிரியர்கள் கேள்வி கேட்டார்கள், அவன் பதில் சொன்னான். மூன்றாம் அத்தியாயத்தை ஒருவர் அழகு என்றுகூடச் சொன்னார். மென்னோ நன்றி சொல்லவில்லை.

பிறகு, தேர்வுக் குழுத் தலைவர் வழக்கப்படி கூட்டத்தைப் பார்த்து, "வேறு யாராவது கேட்க விரும்புகிறீர்களா?" என்றார். அதற்கு யாரும் கேட்பதில்லை. நண்பன் எவனாவது கேட்டாலும் அது முன்பே பேசிவைத்த சுலபமான கேள்வியாக இருக்கும். தேடா கைப்பையை மூடி எழுந்திருக்கத் தயாரானாள்.

சில்யா எழுந்து நின்றாள்.

"மென்னோ," என்றாள். தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவளுக்கே தெரியாது. "வடக்குப் பக்கத்துக் கருவியில இடது கம்பியை வலதுலயும், வலது கம்பியை இடதுலயும் யாராவது மாத்திச் சொருகியிருந்தா, கற்றை எதிர்ப்பக்கம் போற மாதிரி தெரியுமா?"

"தெரியும்."

"மாத்திச் சொருகியிருக்கா?"

"இருக்கு."

"அப்போ நீ கண்டுபிடிச்ச அந்த உதை?"

"அப்படி ஒண்ணு இல்ல," என்றான் மென்னோ. "அது என்னோட தப்பு."

யாரோ இருமினார்கள். பேராசிரியர் வீப்கிங் கையிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்து, திரும்ப மாட்டினார். ஹாப்போ இடது காதுக்குப் பின்னால் குவித்திருந்த கையை மெல்ல இறக்கி முழங்காலின்மேல் வைத்தார். ஹோல்ம் கதவோரத்தில், தொப்பிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் முகம் சிவந்துவிட்டது.

தேர்வுக் குழு உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. வெளியே தாழ்வாரத்தில் மேசைமேல் கேக் வெட்டாமல் இருந்தது. ஊர்க்காரர்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். ஹாப்போ மகனிடம் போனார்.

"இடதையும் வலதையும் எவனோ மாத்திட்டான், நீ கவனிக்கல. அவ்வளவுதானே? பால் கறக்குற மிஷின்ல நானே எத்தனை தடவை மாத்தி மாட்டியிருக்கேன். இதுக்கு ஏன் சாவு வீடு மாதிரி நிக்கிறீங்க எல்லாரும்?"

மென்னோ மேசைமேல் இருந்த கேக் கத்தியை நேராக்கி வைத்தான்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"ஜனவரியில, அப்பா."

ஹாப்போ கிட்டே வந்து நல்ல காதைத் திருப்பினார். "எப்போ?"

"ஜனவரியில."

"இப்போ மே," என்றார் ஹாப்போ. தன் புதுக் கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு அதைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டுத் திருத்தி எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு, இருக்கிறதிலேயே குறைந்த தரத்தில் மென்னோவைத் தேறவிட்டார்கள். அளவெடுக்க அவன் கண்டுபிடித்த முறை நல்ல முறைதான், அது நின்றது. ஹோல்ம் பெட்டியைத் திறப்பதற்கு முன் சுவர்ப்பக்கம் திரும்பி, நகத்தால் சுரண்டி அந்த வெள்ளி மைனஸை எடுத்துவிட்டான். "இந்த இடத்துல ஏதோ இருந்த மாதிரி இருக்கே, பசையா இருக்கு," என்று தேடா தடவிப் பார்த்தபோது, "விழுந்துடுச்சும்மா," என்றான். அம்மாவுக்காக ஒரே ஒரு படத்துக்கு மென்னோ தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். அந்தப் படத்தில் அவன் கண் தரையில் இருக்கிறது. தள்ளுவண்டியை யாரும் வெளியே கொண்டுவரவில்லை.

சில்யாவின் இடம் போகவில்லை, தலைப்புதான் மாறியது. பேராசிரியர் வீப்கிங் அவளைக் கூப்பிட்டு, "கேள்வி சரி. ஆனா நீங்க முதல்ல என் அறைக்கு வந்திருக்கலாம்," என்றார். வாசல் வரைக்கும் வந்தவளைத் திரும்ப நிறுத்தி, "அதுவும் அப்படி, சின்னப் பிள்ளையைக் கேட்கிற மாதிரி, அவங்க அப்பா அம்மா முன்னாடி. அது தேவையா?" என்றும் கேட்டார். சில்யா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கேள்வியின் எளிமைதான் எல்லாருக்கும் உறுத்தியது. தொழில் வார்த்தையில் கேட்டிருந்தால் பேராசிரியர்களோடு போயிருக்கும்; ஊர்க்காரர்கள் ஒன்றும் புரியாமல் கைதட்டிவிட்டுக் கேக் சாப்பிட்டிருப்பார்கள் என்றார்கள். சமையலறையில் அவளுக்கு அரசு வக்கீல் என்று பெயர் விழுந்தது. "வக்கீலம்மா வர்றாங்க, சர்க்கரையை யார் எடுத்தான்னு இப்போவே ஒத்துக்கோங்க," என்பார்கள். ஹோல்ம் மட்டும் கிண்டல் செய்யவில்லை. ஒருநாள் அவனே வந்து, "ஏம்மா, அன்னிக்குப் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மைனஸ் போட்டவன் நான். தொப்பியில ஒட்டிச் சிரிச்சவனும் நான்," என்றான். அவன் அடுத்த பராமரிப்பு நாளில் சாவி எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் போய்க் கம்பிகளைச் சரியாக மாற்றிச் சொருகி, நிரலிலிருந்த மைனஸையும் அழித்தான்.

மென்னோ இப்போது எம்டனில் தொழிற்பள்ளி ஒன்றில், மின்வேலை கற்கிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறான். கம்பிகளுக்கு நிறம் எதற்கு என்று முதல் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுவானாம். பட்டம் வாங்கியவர்கள் வீட்டு அழைப்புமணிப் பலகையில் பேருக்கு முன்னால் அதைப் போட்டுக்கொள்வார்கள். அவன் வீட்டு மணியில் சாத்தோஃப் என்று மட்டும்தான் இருக்கிறது. ஒருமுறை அங்கே போயிருந்தபோது சில்யா அதைப் பார்த்தாள். தான் பார்ப்பதை அவன் கவனிப்பதையும் பார்த்தாள். இருவரும் பேச்சை மாற்றினார்கள். தேநீர் நன்றாக இருந்தது. தான் அவளிடம் கேட்டுக்கொண்டதை அவன் இன்றுவரை நிலையத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. சொன்னால், தேர்வில் உண்மையை ஒத்துக்கொண்டதுகூட அவனுடைய சொந்தத் தைரியத்தில் இல்லை என்று அவனை இன்னும் ஒரு படி இறக்கியதாகும். சொல்லாமல் இருப்பதில் தனக்கு ஒரு பெருமை இருக்கிறதோ என்று தோன்றும்போது அதற்கும் அவள் கூசுவாள்.

அன்று சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, குழாயை மூடாமல், தண்ணீர்ச் சத்தத்துக்குள் தான் பேசுவது பாதி கேட்காமல் போனால் நல்லது என்பதுபோல அவன் கேட்டான்.

"தேர்வுக்கு முன்னாடி நானே சொல்லிடுவேன்னு உன்கிட்ட சத்தியம் பண்ணலாம். பண்ணினா பொய்யாயிடும். கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன், சில்யா. வாய் வேற எதையோ சொல்லுது. யாராவது கேட்டா என்னால மறைக்க முடியாது, அது எனக்குத் தெரியும். கடைசியில கூட்டத்தைப் பாத்துக் கேப்பாங்க இல்ல, அப்போ நீ எழுந்து கேளு."

அவள் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சரி என்று தலையாட்டினாள்.

"இன்னொண்ணு," என்றான். குழாயை மூடினான். "நம்ம வார்த்தையில கேக்காதே. கேட்டா வீப்கிங் அம்மாவுக்கு மட்டும் புரியும், எங்க வீட்ல கைதட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் ஆயுசுக்கும் அவங்க டாக்டர்னு கூப்பிடும்போதெல்லாம் நான் திரும்பிப் பாக்கணும். இடது வலதுன்னு கேளு. சத்தமா கேளு. எங்கப்பாவுக்குப் புரியற மாதிரி கேளு."